ஏறியவருக்கு இறங்க முடியாமல் போனது ஏன்? குனுங் லேடாங் ஒருநாள் பயணம்: ஒரு நிகழ்வு ஆய்வு

பெரிய வெள்ளியை ஒட்டி வந்த நீண்ட வார இறுதியில் சிங்கப்பூரிலிருந்து பன்னிரண்டு தமிழர்கள் ஜோகூரில் உள்ள குனுங் லேடாங் மலைக்கு ஒருநாள் நடையாகப் போனார்கள். மலையின் உயரம் 1,276 மீட்டர். பன்னிரண்டு பேரும் உச்சியைத் தொட்டார்கள். எலும்பு முறிவு, பாம்புக்கடி, மயக்கம் என்று எதுவும் இல்லாமல் எல்லோரும் வீடு திரும்பினார்கள். ஆனால் பகல் 2.30 மணிக்கு அடிவாரத்தில் இருந்திருக்க வேண்டியவர்களில் ஐந்து பேர் இரவு 8.35க்குத்தான் வந்து சேர்ந்தார்கள். அந்த ஐவரில் ஒருவரைக் கடைசி ஒரு மணி நேரம் இரண்டு பேர் மாறி மாறித் தாங்கிப் பிடித்து இறக்கினார்கள். அவர்தான் குழுவிலேயே உடல்வலு மிக்கவர்.

நான் அந்தப் பயணத்தில் இல்லை. கட்டுமானத் தளத்தில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளராக வேலை பார்க்கிறேன். அதனால் குழுவில் இருந்த நண்பர், "அண்ணே, உங்க சைட்டுல எழுதுற மாதிரி ஒரு ரிப்போர்ட் எழுதிக் குடுங்க" என்று கேட்டார். ஆள் இல்லாத இடத்தில் ஒரு ஸ்பேனர் விழுந்தால்கூட அதை நியர் மிஸ் என்று பதிவு செய்து காரணம் தேடுகிற தொழில் இது. யாருக்கும் அடிபடவில்லையே, விடுங்கள் என்று சொல்லும் பழக்கம் எங்களுக்குக் கிடையாது. நாலு பேருடைய கைக்கடிகாரப் பதிவு, குழுவின் வாட்ஸ்அப் செய்திகள், படங்கள் எடுக்கப்பட்ட நேரம் ஆகியவற்றை வாங்கினேன். பன்னிரண்டு பேருடனும் தனித்தனியாகப் பேசினேன். மலேசிய வழிகாட்டி ஒருவர் குரல்பதிவில் தன் தரப்பைச் சொன்னார்.

பெயர் எதுவும் எழுதப்போவதில்லை. கால் விட்டுப்போனவரைத் தம்பி என்கிறேன், வயது 32. ஏற்பாடு செய்தவர் அண்ணன். இந்தக் கதையில் இன்னொரு முக்கியமான ஆள் 58 வயது அக்கா. அவர் ஏன் முக்கியம் என்பது போகப்போகத் தெரியும்.

மலையும் திட்டமும்

சிங்கப்பூரில் நமக்கு வாய்த்த மலை புக்கித் தீமா. இயற்கையான மேடுகளில் நாட்டிலேயே உயரமானது; 163 மீட்டரும் கொஞ்சமும். பியூட்டி வேர்ல்ட் எம்ஆர்டியில் இறங்கி நடந்தால் காலைப் பசியாறலுக்குள் உச்சிக்குப் போய்த் திரும்பிவிடலாம். காடு அருமையான காடு. ஆனால் உச்சியில் கல்வெட்டும் அலைபரப்புக் கோபுரமும் சுற்றிலும் மரமும்தான். பரந்த காட்சி எதுவும் கிடையாது. மலையேறி நின்று நாலாபுறமும் பார்க்க வேண்டும் என்கிற ஆசை வந்துவிட்டால் நம்மாட்கள் கடற்பாலத்தைத் தாண்டுகிறார்கள். குளுவாங்கில் இருக்கும் 510 மீட்டர் குனுங் லம்பாக், கூலாய்ப் பக்கத்தில் 654 மீட்டர் குனுங் பூலாய், அப்புறம் தங்காக்கில் லேடாங். பலர் இந்த வரிசையில்தான் போகிறார்கள். இந்தக் குழுவும் லம்பாக் முடித்துவிட்டு, பூலாயைத் தாண்டி, நேரே லேடாங் போனது.

புக்கித் தீமாவிலிருந்து லேடாங் என்பது பழைய தடம்தான். ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் 1854இல் புக்கித் தீமா காட்டில் வண்டு பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, அதே ஆண்டு மலாக்கா போய், அங்கிருந்து அப்போது ஓஃபிர் என்று அழைக்கப்பட்ட இதே மலையில் ஏறினார். பாடாங் பத்து என்னும் பாறைச் சரிவில் தண்ணீர் கிடைக்கும் என்று நம்பிப் போய் ஏமாந்து, கடைசியில் குடுவைத் தாவரங்களின் குடுவைக்குள் பூச்சி மிதந்த நீரைக் குடித்துத் தாகம் தீர்த்ததாக எழுதியிருக்கிறார். நல்ல சுவையாக இருந்ததாம். நம் குழுவில் ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் இருந்தது. தண்ணீர் விஷயத்தில் இவர்கள் வாலஸைவிடக் கவனமாக இருந்தார்கள் என்பதைப் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. ஏனென்றால் பின்னால் எல்லோரும் தண்ணீர் மேலேதான் பழி போட்டார்கள்.

அண்ணனின் திட்டம் இது: அதிகாலை 3 மணிக்கு உட்லண்ட்ஸிலிருந்து வாடகைப் பேருந்து. 6.30க்கு சாகில் அடிவாரம். 7 மணிக்கு ஏறத் தொடங்கி 11.30க்கு உச்சி. அரை மணி நேரம் சாப்பாடு, படம். 12 மணிக்கு இறங்கத் தொடங்கி 2.30க்கு அடிவாரம். ஏறுவதற்கு நாலரை மணி, இறங்குவதற்கு இரண்டரை மணி.

நடந்தது

நீண்ட வார இறுதியில் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி எப்படி இருக்கும் என்பதைச் சிங்கப்பூர் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. இரண்டு பக்கச் சாவடிகளையும் தாண்டும்போது 5.20. நெடுஞ்சாலை ஓய்விடத்தில் நாசி லெமாக், கழிப்பறை வரிசை. சாகில் வந்து பதிவு முடித்து ஏறத் தொடங்கியபோது மணி 8.50. அதாவது ஒரு மணி ஐம்பது நிமிடம் தாமதம். அங்கே கட்டாயமான வழிகாட்டிகளாக இரண்டு பேர் கூட வந்தார்கள். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர்.

ஏற்றம் நன்றாகவே போனது. வழிகாட்டி சொன்ன இடத்தை அவர் சொன்ன நேரத்துக்குள் எல்லோரும் தாண்டினார்கள். திரும்பிப் போகச் சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை. தம்பி 12.40க்கு உச்சியில். மூன்று மணி ஐம்பது நிமிடத்தில் ஏறியிருக்கிறார், அதுவும் வழியில் திணறிய ஒருவரின் பையையும் சேர்த்து முதுகில் போட்டுக்கொண்டு. கடைசி ஆள் வந்தது 1.25க்கு.

உச்சியில் மூடுபனி. ஒன்றும் தெரியவில்லை. சாப்பிட்டார்கள், காத்திருந்தார்கள். 2 மணியை ஒட்டி மேகம் பத்து நிமிடம் விலகியது. மேற்கே மலாக்கா நீரிணை, கீழே செம்பனைத் தோட்டங்கள் வரிசை வரிசையாக. எனக்கு அனுப்பிய படங்களில் பாதிக்குமேல் அந்தப் பத்து நிமிடத்தில் எடுத்தவை. எல்லார் முகத்திலும் பல் தெரிகிறது. அப்புறம் தனிப்படம், குழுப்படம், ஆண்கள் மட்டும், பெண்கள் மட்டும், பேனர் பிடித்து ஒன்று. 2.35க்குத்தான் இறங்கத் தொடங்கினார்கள்.

கயிறும் ஏணியும் இருக்கும் பகுதியில் முன்னால் இன்னொரு குழு. 25 நிமிடம் வரிசையில் நின்றார்கள். 3.30க்கு இடியுடன் மழை. சித்திரை மாத ஒட்டில் பிற்பகல் இடிமழை இந்த வட்டாரத்தில் அன்றாடம். வேர்கள் வழுக்கின.

4.10க்குத் தம்பி முதல்முறை நின்றார். தொடை நடுங்குகிறது என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். அக்கா, "பையக் குடுப்பா தம்பி" என்று கேட்க, "ஓகே லா அக்கா, பரவால்ல" என்று பதில். 4.50க்குக் கால் மடங்கி, சரிவில் இரண்டு மீட்டர் சறுக்கி, ஒரு வேரைப் பிடித்து நின்றார். முழங்கையில் சிராய்ப்பு. அப்போதுதான் பையைக் கொடுத்தார். அதற்குப் பிறகு பத்து நிமிட நடை, ஐந்து நிமிட ஓய்வு.

5.30க்கு வழிகாட்டிகள் குழுவைப் பிரித்தார்கள். ஏழு பேர் முன்னால், ஐந்து பேர் பின்னால். பின்னால் இருந்தவர்கள் தம்பி, அண்ணன், அக்கா, இரண்டு இளைஞர்கள். முன்குழு 6.40க்கு வெளிச்சம் இருக்கும்போதே கீழே வந்துவிட்டது. பின்குழு 7.15 வாக்கில் முழு இருட்டில். மலைக்காட்டுக்குள் சூரியன் மறைவதற்கு முன்பே இருட்டிவிடும். மழை மேகம் வேறு. பன்னிரண்டு பேரிடமும் சேர்த்து நாலு தலைவிளக்குகள் இருந்தன. அவற்றில் மூன்று முன்குழுவின் பைகளில் அணைந்தபடி கீழே போய்ச் சேர்ந்துவிட்டன. பின்குழுவிடம் இருந்தது வழிகாட்டியின் விளக்கு, அக்காவின் விளக்கு, கைப்பேசிகள்.

போம்பாவை, அதாவது மலேசியத் தீயணைப்பு மீட்புத் துறையை, அழைக்கலாமா என்று 7.30க்குப் பேசியிருக்கிறார்கள். வேண்டாம் என்று வழிகாட்டி முடிவு செய்தார்: ஆள் தெளிவாகப் பேசுகிறார், தாங்கிப் பிடித்தால் நடக்கிறார், மோசமான பகுதி முடிந்துவிட்டது. அந்த முடிவு சரி என்றே நினைக்கிறேன். மீட்புக்குழு ஏறி வந்து சேரும் நேரத்தைவிட இவர்கள் இறங்கும் நேரம் குறைவு.

குழுவினர் சொன்ன காரணங்கள்

"தண்ணி பத்தல." "உப்பு பத்தல, ஹண்ட்ரட் பிளஸ் இன்னும் ரெண்டு எடுத்துட்டுப் போயிருக்கணும்." "காலையில சரியா சாப்பிடல." "மழைதான் காரணம்." ஒரு அம்மா, தம்பி அடிவாரத்தில் "இதெல்லாம் ஒரு மலையா" என்று சத்தமாகச் சொன்னதாகவும், இளவரசி குடியிருக்கும் மலையில் அப்படிப் பேசக்கூடாது என்றும் சொன்னார். பழங்கதையில், தன்னைப் பெண் கேட்ட மலாக்கா சுல்தானிடம் ஏழு தட்டு கொசு இதயம் கேட்ட இளவரசி அவர். அவருக்குக் கோபம் வந்திருந்தால் தொடைவலியோடு விட்டிருக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டேன், வெளியே சொல்லவில்லை.

தண்ணீர்க் காரணம் நிற்காது. தம்பி இறங்கத் தொடங்கும்போது இரண்டரை லிட்டர் குடித்திருந்தார். உச்சியில் சிறுநீர் கழித்தார், நிறம் வெளிறியிருந்தது. வெப்பத் தாக்கமும் இல்லை. அவருடைய கடிகாரம் சொல்வது இது: ஏறும்போது சராசரி இதயத் துடிப்பு 156, இறங்கும்போது 108. முதல்முறை நின்றபோதும் 110ஐத் தாண்டவில்லை. மூச்சு வாங்கவில்லை, தலை சுற்றவில்லை, குமட்டவில்லை. இதயமும் நுரையீரலும் ஓய்வாக இருக்கும்போதே தொடை மட்டும் தனியாகக் கைவிட்டிருக்கிறது. இந்த எண்களைப் பார்த்த பிறகுதான் எங்கே தேட வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது.

லிஃப்டில் இறங்கியவர்

தம்பியிடம் ஒரு கேள்வி கேட்டேன்: பயிற்சி எப்படிச் செய்தீர்கள்?

அவர் ஒரு 25 மாடி வீவக புளோக்கில் இருக்கிறார். வாரம் மூன்று நாள், எட்டுக் கிலோ பையோடு, தரைத்தளத்திலிருந்து 25ஆம் மாடிவரை எட்டு முறை. ஒரு மாடி 2.8 மீட்டர் என்று வைத்தால் ஒரு தடவைக்கு ஏறத்தாழ 67 மீட்டர். எட்டுத் தடவைக்கு 530 மீட்டருக்கும் மேல். பாராட்டத்தக்க உழைப்பு. தேசிய சேவை முடித்து ஆண்டுகள் கழிந்தும் ஐபிபிடி என்னும் ராணுவ உடல்தகுதித் தேர்வில் தங்கம் வாங்குகிறவர். தைப்பூசத்துக்குக் காவடி எடுத்து சிராங்கூன் சாலையிலிருந்து தேங் ரோடுவரை நடக்கிறவர்.

"சரி, மேலே போனதும் எப்படிக் கீழே வருவீங்க?"

"லிஃப்ட்ல. படியில இறங்குனா முட்டி தேஞ்சுடும்னு சொல்வாங்களே."

எட்டு முறை ஏற்றம், எட்டு முறை லிஃப்ட். மழை நாட்களில் ஜிம்மில் படியேறும் இயந்திரம். அதிலும் இறக்கம் என்பதே கிடையாது. மூன்று மாதம் அவர் ஏற்றத்துக்கு மட்டுமே தயாரானார். சிங்கப்பூரில் மலைப்பயிற்சி செய்கிற பெரும்பாலானோர் இப்படித்தான் செய்கிறார்கள். முட்டியைக் காப்பாற்றும் நல்லெண்ணம்தான். ஆனால் அதன் விலை மலையில் தெரிகிறது.

ஏறும்போது தொடையின் முன்பக்கத் தசை சுருங்கி உடலை மேலே தள்ளுகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடலைக் கீழே விழாமல் இழுத்துப் பிடிக்கிறது. பாரம் ஏற்றிய லாரி மலைச்சாலையில் பிரேக்கை மிதித்தபடியே இறங்குவதுபோலத்தான். இந்த வகை உழைப்புக்கு ஆக்ஸிஜன் குறைவாகவே போதும்; அதனால் மூச்சு வாங்காது, இதயம் வேகமாக அடிக்காது. ஆனால் தசை நார்களில் நுண்ணிய சிதைவு ஏறும்போதைவிட மிக அதிகம். தசையின் பலம் அப்போதே குறையத் தொடங்குகிறது. வலி மட்டும் அப்போது வராது. அடுத்த நாள் எட்டிப் பார்த்து, இரண்டாம் நாள் உச்சத்துக்குப் போகும். மலையில் கிடைக்கும் ஒரே எச்சரிக்கை நடுக்கம். தம்பிக்கு 4.10க்குக் கிடைத்தது அதுதான். அவர் அதைக் களைப்பு என்று நினைத்தார். களைப்பாக இருந்தால் ஐந்து நிமிட ஓய்வில் சரியாகியிருக்கும். இது ஓய்வில் சரியாகிற சமாச்சாரம் இல்லை.

இதே தசைக்கு ஒரு நல்ல குணமும் உண்டு. ஒருமுறை மிதமான அளவில் இறங்கிப் பழகிவிட்டால், அடுத்தமுறை அதே இறக்கம் மிகக் குறைவான சேதத்தையே தரும். அந்தப் பாதுகாப்பு பல வாரங்களுக்கு நிற்கிறது. உடற்பயிற்சி ஆய்வாளர்கள் பலமுறை சோதித்து உறுதி செய்த விஷயம் இது. அதாவது பயணத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்பு ஒரே ஒரு நாள் ஒழுங்காக இறங்கியிருந்தால்கூடக் கதை மாறியிருக்கும்.

இங்கேதான் அக்கா வருகிறார். 58 வயது, இரத்த அழுத்த மாத்திரை, ஐபிபிடி என்றால் என்னவென்று மகனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவர். உச்சிக்கு வந்த கடைசி ஆளே அவர்தான். இறங்கும்போது அவருக்கு ஒன்றுமே ஆகவில்லை. சனிக்கிழமை தோறும் புக்கித் தீமாவில் படிவழியாக ஏறி, காட்டுப்பாதையில் டெய்ரி ஃபார்ம் பக்கம் இறங்கி, மறுபடி ஏறி, மறுபடி இறங்குவது அவருடைய வழக்கம். பேச்சுத்துணைக்கு ஆள் கிடைத்தால் இன்னொரு சுற்று. அங்கே லிஃப்ட் இல்லை. ஏறிய ஒவ்வொரு மீட்டரையும் இறங்கியே ஆக வேண்டும். கையில் இரண்டு ஊன்றுகோல் வேறு. அவற்றைப் பார்த்து அடிவாரத்தில் சிலர் கேலி செய்திருக்கிறார்கள். 5 மணிக்கு மேல் அவை தம்பியின் கையில் இருந்தன.

ஒரே மலை, ஒரே மழை, ஒரே நாள். வயதும் வலுவும் தலைகீழ், விளைவும் தலைகீழ். ஒரு ஆளை வைத்து விதி எழுதக்கூடாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் மீதிப் பத்துப் பேரையும் விசாரித்ததில், இறங்கும்போது கால் நடுங்கியதாகச் சொன்ன மூவரும் லிஃப்டில் இறங்கியவர்கள்.

தம்பிக்குக் கூடுதலாக இரண்டு பாரங்கள் சேர்ந்திருந்தன. ஒன்று, இரண்டு பைகள். ஏறும்போது வாங்கிய இன்னொருவரின் பையை உச்சியில் திருப்பிக் கொடுக்காமல் இறங்கும்போதும் சுமந்தார். மரியாதைக்காகக் கேட்டவர்களிடமும் மறுத்திருக்கிறார். இரண்டாவது, முதலில் ஏறியதால் உச்சியில் ஒரு மணி ஐம்பத்தைந்து நிமிடம் காத்திருந்தார், வியர்வையில் நனைந்த டி-சட்டையோடு. ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு ஆறேழு டிகிரி குறையும், அதன்மேல் காற்று. குளிர்ந்து விறைத்த தசையோடு நேரே ஏணியில் இறங்கினார். வேகமாக ஏறியதற்கு அவருக்குக் கிடைத்த பரிசு அது.

ஆறு மணி ஐந்து நிமிடம் எங்கே போனது?

பேசிய ஒவ்வொருவரும் தாமதத்துக்குச் சோதனைச்சாவடியையே குற்றம் சொன்னார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2.30க்கு முடிய வேண்டியது 8.35க்கு முடிந்தது, மொத்தத் தாமதம் 6 மணி 5 நிமிடம். தொடக்கத்தில் போனது 1 மணி 50 நிமிடம். ஏற்றத்தில் வெறும் 5 நிமிடம். உச்சியில், கடைசி ஆள் வந்த பிறகு, திட்டத்தைவிட 40 நிமிடம் கூடுதல். மீதி 3 மணி 30 நிமிடம் முழுவதும் இறக்கத்தில்.

அந்த மூன்றரை மணியையும் தம்பியின் தலையில் கட்ட முடியாது. கால் நன்றாக இருந்த முன்குழுவே இறங்க 4 மணி 5 நிமிடம் எடுத்தது; திட்டத்தில் இருந்தது இரண்டரை மணி. ஏணி வரிசையைக் கழித்தாலும் ஒரு மணிக்கு மேல் அதிகம். ஆக, யாருக்கும் எதுவும் ஆகாமல் இருந்திருந்தாலும் திட்டம் பொய்த்திருக்கும். இறக்கம் ஏற்றத்தில் பாதி நேரம் என்கிற கணக்கு அண்ணனுக்கு எங்கிருந்து வந்தது? புக்கித் தீமாவின் தார்ச்சாலையிலிருந்து. அங்கே அது சரி. லேடாங்கில் வேரும் பாறையும் கயிறும் ஏணியும்.

மலைநடைக்கு நேரம் கணக்கிட 1892இல் ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் நைஸ்மித் சொன்ன விதி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி. இறக்கத்துக்கு அதில் ஒன்றுமே கூட்டவில்லை. பின்னால் வந்த லாங்மியூர் திருத்தம், செங்குத்தான இறக்கமாக இருந்தால் 300 மீட்டருக்குப் பத்து நிமிடம் கூட்டச் சொல்கிறது. அதுவும் ஸ்காட்லாந்தின் திறந்த மலைகளுக்கு. மழையில் நனைந்த வெப்பமண்டலக் காட்டுக்கு இறக்கத்தையும் ஏற்றத்தின் அளவுக்கே வைப்பதுதான் புத்திசாலித்தனம். மிச்சமானால் அடிவார அருவியில் குளிக்கலாம்.

இன்னொரு ஓட்டை உச்சியில் இருந்தது. ஏறும்போது இந்த நேரத்துக்குள் இந்த இடம், இல்லையென்றால் திரும்பு என்கிற விதி இருந்தது. எல்லோரும் அதற்குப் பயந்து நடந்தார்கள். அந்த விதியில் தேறியதும் பரீட்சை முடிந்துவிட்டதாக எல்லோருக்கும் ஒரு நினைப்பு. உச்சியைவிட்டு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. மேகம் விலகட்டும் என்று காத்திருந்ததை நான் குறை சொல்லமாட்டேன். அந்தக் காட்சிக்காகத்தானே இரண்டு மணிக்குத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு எழுந்தார்கள். ஆனால் மேகம் விலகி, பார்த்து முடித்த பிறகும் பேனர் படத்துக்காகக் கால் மணி நேரம் நின்றது அநியாயம். அந்த நாற்பது நிமிடம் கையில் இருந்திருந்தால் ஏணி வரிசையில் இவர்கள் முதலில் நின்றிருக்கலாம், மழைக்கு முன் அந்தப் பகுதியைத் தாண்டியிருக்கலாம்.

ஆஸ்திரிய ஆல்ப்ஸ் மலையில் நடையர்கள் விழுந்து அடிபட்ட நிகழ்வுகளை ஆராய்ந்தவர்கள், பெரும்பாலானவை இறக்கத்தில்தான் நடந்தன என்று கண்டார்கள். லேடாங் அதற்கு விதிவிலக்காக இருக்கக் காரணம் எதுவும் இல்லை.

விளக்குகளைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. குழுவைப் பிரித்தது சரி. பிரிக்கும்போது பொருட்களைப் பிரிக்காதது தவறு. மெதுவாகப் போகிறவர்களுக்குத்தான் விளக்கும், மழைச்சட்டையும், மிச்ச உணவும் வேண்டும். 5.30க்கு அங்கே எங்கள் தளத்தில் வேலைக்கு முன் நின்றபடி பேசும் டூல்பாக்ஸ் மீட்டிங் மாதிரி ஒரு நிமிடம் போட்டிருந்தால் யாராவது ஒருவருக்கு இது தோன்றியிருக்கும்.

பிறகு என்ன ஆனது

தம்பி இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. படியில் பின்பக்கமாகத் திரும்பி இறங்கினார். திங்கட்கிழமை மருத்துவரைப் பார்த்தார். இரத்தப் பரிசோதனையில் கவலைப்பட எதுவும் இல்லை. இப்படித் தசை சிதையும்போது சிறுநீர் பால் சேர்க்காத தேநீர் நிறத்தில் போனாலோ, மிகக் குறைந்துபோனாலோ, தொடை கல்லாக வீங்கினாலோ உடனே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். சிதைந்த தசையிலிருந்து கசியும் பொருள் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். குழுவில் யாருக்கும் இது தெரிந்திருக்கவில்லை. வலிமாத்திரை இருக்கிறதா என்று மட்டும் கேட்டிருக்கிறார்கள்.

குழு சில முடிவுகளை எடுத்தது. இனி மாடிப்பயிற்சியில் வாரம் ஒருநாள் தலைகீழ்: லிஃப்டில் ஏறி, நடந்து இறங்குவது. முதல் வாரம் நான்கு முறை, பிறகு மெல்ல மெல்லக் கூட்டுவது. தம்பியின் பக்கத்து வீட்டு சீனப் பாட்டி, ஒரே இரவில் அவரோடு மூன்று முறை லிஃப்டில் ஏறியதும் வீட்டுச் சாவி தொலைந்துவிட்டதா என்று விசாரித்தாராம். முட்டி தேயும் என்கிற பயத்துக்கு என் பதில்: ஏற்கெனவே முட்டியில் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள், மற்றவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினால் போதும். பழகாத முட்டியோடு ஒரே நாளில் ஆயிரம் மீட்டர் இறங்குவதுதான் ஆபத்து.

ஆளுக்கொரு தலைவிளக்கு, அவரவர் பையில். உச்சியிலிருந்து கிளம்பும் நேரம் அடிவாரத்திலேயே எல்லோருக்கும் சொல்லப்படும். வாங்கிய பை உச்சியில் உரியவரிடம் போய்விட வேண்டும். முதலில் ஏறுகிறவர்கள் உலர்ந்த சட்டை ஒன்று கொண்டுபோக வேண்டும். நடுக்கம் வந்தால் உடனே சொல்ல வேண்டும், சொன்ன நிமிடமே பை கைமாறும், கைத்தடி வரும், அடி சிறிதாகும், செங்குத்தான இடத்தில் பக்கவாட்டில் இறங்க வேண்டும். இவை எதிலும் பெரிய தகராறு இல்லை, ஊன்றுகோலைத் தவிர. அது வயதானவர்களுக்கு என்று இன்னும் இரண்டு பேர் பிடிவாதமாக இருக்கிறார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் எழுதியது யாருக்கும் பிடிக்கவில்லை. அன்று பேருந்து ஓட்டுநர் அதிகாலை ஒன்றரை மணிக்கு எழுந்தவர். மற்றவர்கள் மலையில் இருந்தபோது வண்டியிலேயே படுத்துக் கொஞ்சம் தூங்கியிருக்கிறார், வெயிலில், அரைகுறையாக. முன்குழு கீழே வந்த பிறகு இரண்டு மணி நேரம் அவரும் பதற்றத்தில் விழித்திருந்தார். இரவு 9.15க்குக் கிளம்பி, சாப்பாட்டுக்கு நின்று, சாவடி நெரிசலைத் தாண்டி, உட்லண்ட்ஸ் வந்து சேர்ந்தது அதிகாலை 1.40. ஏறத்தாழ இருபத்துநாலு மணி நேரம். பின்னால் பன்னிரண்டு பேரும் அடித்துப்போட்டதுபோல் தூங்கியிருக்கிறார்கள். அவருடன் பேச்சுக் கொடுக்க ஒருவரும் விழித்திருக்கவில்லை. என் அறிக்கையில் ஆபத்து வரிசையில் இதை முதலில் போட்டேன். மலையில் விழுந்தால் ஒரு ஆள். நெடுஞ்சாலையில் என்றால் பதின்மூன்று பேர்.

அண்ணனுக்குக் கோபம். "மலையைப் பத்தி எழுதச் சொன்னா பஸ்ஸப் பத்தி எழுதிட்டீங்களே" என்றார். பிறகு கூட்டத்தில் அதை வாக்கெடுப்புக்கு விட்டார்கள். முந்தைய நாள் மாலையே கடந்து தங்காக்கில் தங்குவது என்று முடிவானது. தலைக்குச் செலவு கூடும், ஒருநாள் விடுப்பும் எடுக்க வேண்டும். ஏழு பேர் ஆதரவு, மூன்று பேர் எதிர்ப்பு, இரண்டு பேர் அன்று கூட்டத்துக்கு வரவில்லை.